ட்ரம்ஸ் இல்லாத மேடை: பேஸ் கேள்வி – பதில்

பெங்களூரில் ஜாஸ் வாசித்துச் சம்பாதிக்க நினைப்பவருக்கு எளிதாகக் கிடைப்பது இரண்டு பேர் கச்சேரிதான். கிட்டாரும் பேஸும், பியானோவும் பேஸும், சில சமயம் ஒரு குரலும் பேஸும் மட்டும். ஹோட்டல் லாபியில் நாலு பேர் நிற்க இடமும் இருக்காது, நாலு பேருக்குக் கொடுக்கக் காசும் இருக்காது. ஆனால் ட்ரம்ஸ்காரரை விட்டுவிட்டு வந்தால் அவர் வேலை பேஸ்காரர் தலையில் விழும். இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பல அதைப் பற்றியவைதான். டபுள் பேஸ் (நின்றபடி வாசிக்கும், ஆளுயரமான கீழ் ஸ்வரத் தந்தி வாத்தியம்) வாசிப்பவர்களும் ஒலியமைப்பாளர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: கிட்டாரும் டபுள் பேஸும் மட்டும் வாசிக்கும்போது, பேஸ்காரர் நாலு அடியும் விடாமல் 'வாக்கிங்' போய்க்கொண்டே இருக்க வேண்டுமா? நிறுத்தினால் வெறிச்சென்று ஆகிவிடுகிறதே?
– அல்சூர் வாசகர்

பதில்: வேண்டாம். கிட்டார் மெட்டை வாசிக்கும் முதல் சுற்றுக்கு 'டூ ஃபீல்' போதும். நாலு அடியில் ஒன்றிலும் மூன்றிலும் மட்டும் ஸ்வரம், பெரும்பாலும் கார்டின் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டின்) ஆதார ஸ்வரமும் ஐந்தாம் ஸ்வரமும். கிட்டார் சோலோ தொடங்கும் இடத்தில் நாலடிக்கு மாறுங்கள். அந்த ஒரு மாற்றமே பாட்டைத் தூக்கிவிடும். ஆரம்பத்திலேயே நாலடி போட்டுவிட்டால் அதன் பிறகு ஏற்றுவதற்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

வெறிச்சென்று ஆவதற்குக் காரணம் ஸ்வரங்கள் குறைவு என்பதல்ல, ஸ்வரங்கள் குட்டையாக இருப்பது. ட்ரம்ஸ் இருந்தால் ட்ரம்ஸ்காரர் விடாமல் தட்டும் ரைடு சிம்பல் தட்டு இடைவெளியை நிரப்பிவிடும். இல்லாதபோது ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்தது பிறக்கும்வரை நிற்க வேண்டும். இடது கை விரலைக் கால் அடி முன்னதாகவே தூக்கிவிடுவதுதான் வழக்கமான கோளாறு. தந்தி மாறும் இடங்களில் இது இன்னும் மோசமாகத் தெரியும். மெட்ரோனோமை (சீராகத் தட்டும் வேகக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு அடிக்கு ஒரு ஸ்வரமாக, இடையில் மௌனமே விழாமல் பத்து நிமிடம் வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். எங்கெங்கே ஓட்டை என்று காதே சொல்லிவிடும்.

இன்னொன்று. கிட்டார்காரர் ஒற்றை வரியில் சோலோ வாசிக்கும்போது கார்ட் போட ஆளில்லை. எந்த கார்டில் இருக்கிறோம் என்பதைப் பேஸ்தான் சொல்ல வேண்டும். டி மைனர், ஜி செவன், சி என்று போகும் இடத்தில் டி, எஃப், ஏ, ஏ ஃபிளாட் (ஏவுக்கு அரை ஸ்வரம் கீழே), பிறகு ஜி, பி, டி, டி ஃபிளாட், அப்புறம் சி. முதல் அடியில் ஆதார ஸ்வரம், நடுவில் கார்டின் மூன்றாம், ஐந்தாம் ஸ்வரங்கள், நாலாம் அடியில் அடுத்த ஆதாரத்துக்கு அரை ஸ்வரம் மேலிருந்து இறங்கும் படி. சாதாரணமான வரிதான். நாலு பேர் குழுவில் இதைவிடச் சுற்றி வளைத்துப் போகலாம், இரண்டு பேரில் சுற்றி வளைத்தால் சோலோ வாசிப்பவர் வழி தவறிவிடுவார்.

கிட்டார்காரரிடம் ஒரு வேண்டுகோளும் வையுங்கள்: கார்ட் போடும்போது ஐந்தாம், ஆறாம் தந்திகளைத் தொட வேண்டாம். மூன்றாம், ஏழாம் ஸ்வரங்களை நடுத் தந்திகளில் பிடித்தால் போதும். பியானோ என்றால் இடது கை நடு சிக்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சியைத் தாண்டி இறங்கக் கூடாது. அதற்குக் கீழே இரண்டு பேர் புகுந்தால் ஒருவர் வாசிப்பதும் தெளிவாகக் கேட்காது.

கேள்வி: பாட்டு முடியும்போது வேகம் கூடிப்போகிறது. நானா, பியானோக்காரரா, யார் காரணம்?
– பெயர் வேண்டாமென்ற வாசகர், மல்லேஸ்வரம்

பதில்: இருவரும்தான். ஆனால் திருத்த வேண்டியவர் நீங்கள்.

முதலில் அளந்து பாருங்கள். 120 வேகத்தில் (நிமிடத்துக்கு 120 அடி) 32 பார் பாட்டின், ஒரு பார் நாலு அடி என்றால், ஒரு சுற்று 128 அடி, அதாவது 64 விநாடி. கச்சேரியை போனில் பதிவு செய்து, முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் ஸ்டாப்வாட்சில் பிடியுங்கள். கடைசிச் சுற்று 60 விநாடியில் முடிந்தால் 128க்கு ஓடிவிட்டீர்கள் என்று அர்த்தம். சண்டை போடாமல் யார், எங்கே என்று கண்டுபிடிக்க இதுதான் வழி. பெரும்பாலும் ஓட்டம் பிடிக்கும் இடங்கள் மூன்று: சோலோ மாறும் பார், எட்டு பார் வரி முடியும் இடத்தில் நிரப்புவதற்காக வாசிக்கும் துணுக்கு, பியானோ கை எடுத்த மௌனம். மௌனம் வந்தால் கை தானாக அவசரப்படும்.

பயிற்சிக்கு மெட்ரோனோமை 60ல் வைத்து, அந்தத் தட்டை இரண்டாம், நாலாம் அடியாக எண்ணுங்கள். வாசிப்பு 120ல் போகும். அது நின்றதும் 30க்குக் குறையுங்கள், தட்டு நாலாம் அடியில் மட்டும் விழட்டும். அதுவும் நின்றால் இரண்டு பாருக்கு ஒரு தட்டு. இந்தக் கட்டத்தில்தான் உண்மை தெரியவரும். மேடையில் வேகம் ஏறிவிட்டதென்று தெரிந்தால் நடுவில் பிடித்து இழுக்காதீர்கள், கேட்பவருக்குத் தடுக்கி விழுந்தது போலிருக்கும். அடுத்த சோலோவின் தொடக்கத்தில் டூ ஃபீலுக்கு இறங்கி, அங்கே நிதானத்தை மீட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் உணவகத்தில் வாரம் ஒரு நாள் கிட்டார், பேஸ் ஜோடி வாசிக்கிறது. பேஸ் ஒலியைக் கொஞ்சம் கூட்டினாலும் 'ஊம்ம்' என்று உறுமுகிறது. ஒரே ஒரு ஸ்வரத்தில் மட்டும் மேஜையே அதிர்கிறது. ஆம்ப் கோளாறா?
– உணவக நிர்வாகி, ஃப்ரேசர் டவுன்

பதில்: நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். பேஸ்காரர் தந்தியை மீட்டாமலே ஒலி தானாக வளர்ந்தால் அது ஃபீட்பேக். குறிப்பிட்ட ஸ்வரத்தை மீட்டும்போது மட்டும் பெருத்து, மற்ற நேரம் அடங்கியிருந்தால் அது உங்கள் அறையின் வேலை.

ஃபீட்பேக்கை முதலில் பார்ப்போம். டபுள் பேஸின் உடம்பு ஒரு பெரிய காற்றுப் பெட்டி. முக்கால் அளவுப் பேஸ்களில் 60 முதல் 110 ஹெர்ட்ஸுக்குள் அது தானாக அதிர விரும்பும் இடங்கள் உண்டு. ஆம்பிலிருந்து வரும் ஒலி முன்பலகையை அதிர வைக்க, அந்த அதிர்வைப் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் இருக்கும் பிக்கப் (அதிர்வை மின்னலையாக்கும் சிறு கருவி) மறுபடி ஆம்புக்கே அனுப்ப, சுற்று மூடிக்கொள்கிறது. ஆம்ப் நேராக முன்பலகையைப் பார்த்து நிற்கக் கூடாது. பக்கவாட்டில் வையுங்கள், தரையில் வைக்காமல் ஒரு நாற்காலி மீது ஏற்றுங்கள். காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் பேஸ்காரர் தானே ஒலியைக் குறைப்பார். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அடுத்து, குறிப்பிட்ட அலைவரிசைக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர். டபுள் பேஸின் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். ஃபில்டரை 40ல் தொடங்கி 60 வரை மெல்ல ஏற்றிப் பாருங்கள். கீழ் ஸ்வரங்கள் காணாமல் போகும் என்று பயப்பட வேண்டாம். அந்தத் தந்தியில் நம் காது அதிகம் பிடிப்பது 82, 123 ஹெர்ட்ஸில் உள்ள மேலொலிகளைத்தான். பிறகு ப்ரீ ஆம்பில் (பிக்கப்புக்கும் ஆம்புக்கும் நடுவில் வரும் சிறு பெட்டி) அலையைத் தலைகீழாக்கும் 'ஃபேஸ்' பொத்தான் இருந்தால் இரண்டு நிலையிலும் வாசித்துப் பார்த்து, உறுமல் குறைவான பக்கம் விடவும். அதற்கும் அடங்காவிட்டால் உறுமும் அலைவரிசையை மட்டும் கண்டுபிடித்து 3 முதல் 6 டெசிபெல் வெட்டுங்கள். முன்பலகையின் எஃப் வடிவத் துளைகளில் துணி அடைப்பது கடைசி வழி. பலர் இந்தக் கடைசி வழியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், பாவம் அந்தப் பேஸ்.

இன்னொன்றையும் பாருங்கள்: பிக்கப் ஒயரை நேராக மிக்ஸரில் சொருகியிருக்கிறார்களா? பியஸோ பிக்கப்புக்குக் குறைந்தது 1 மெகா ஓம் நுழைவு எதிர்ப்பு வேண்டும். மிக்ஸரின் லைன் நுழைவு சுமார் 10 கிலோ ஓம்தான் இருக்கும். அதில் சொருகினால் கீழொலி கரைந்து தகரச் சத்தம் வரும். அதை ஈடுகட்ட ஒலியமைப்பாளர் பேஸ் குமிழைத் திருகுவார், உடனே உறுமல். நடுவில் ஒரு ப்ரீ ஆம்ப் போட்டால் இந்தச் சுற்றே இருக்காது.

இப்போது அறை. இணையான இரு சுவர்களுக்கு நடுவில் 3.5 மீட்டர் இருந்தால், ஒலியின் வேகம் 343ஐ அதன் இரு மடங்கால் வகுக்க 49 வரும். 49 ஹெர்ட்ஸ் என்பது ஈ தந்தியின் ஜி ஸ்வரம். உங்கள் மேஜை அதிர்வது எந்த ஸ்வரத்தில் என்று பேஸ்காரரிடம் கேட்டுவிட்டு, டேப்பை எடுத்து அறையை அளந்து பாருங்கள். கணக்கு பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆம்பை மூலையில் வைத்தால் இது உச்சத்துக்குப் போகும். சுவரை விட்டு அந்த அகலத்தின் நடுப்பக்கம் நகர்த்தினால் அந்த அலை கிளம்புவதே குறையும். நகர்த்த இடமில்லையென்றால் பேஸ்காரர் அந்த ஜியை ஒரு ஸ்தாயி மேலே, திறந்த ஜி தந்தியில் வாசிக்கட்டும், அல்லது குட்டையாக வெட்டட்டும். மேலே நீளமாக வாசிக்கச் சொன்னோமே என்றால், இந்த ஒரு ஸ்வரத்துக்கு அறையே நீளம் கொடுத்துவிடுகிறது.

இது எதுவுமில்லாமல் விடாத 'கொர்' சத்தம் மட்டும் கேட்டால் அது 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல். வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பெட்டியில் 'கிரவுண்ட் லிஃப்ட்' பொத்தானைத் தட்டுங்கள். மூன்று முனை ப்ளக்கின் எர்த் முனையை மட்டும் யாரையும் பிடுங்க விடாதீர்கள். இரைச்சல் போகும், ஆனால் ஆம்பில் கசிவு ஏற்பட்டால் தந்தியைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும்.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் கற்றவள், 5 கட்டை. பேஸ் வாசிக்கும் நண்பருடன் ஜாஸ் பாடப் போகிறேன். எல்லாப் பாட்டையும் ஜியில் வாசிக்கச் சொல்லிவிடலாமா?
– வாசகி, கே.ஆர். புரம்

பதில்: சொல்லிவிட்டால் இரண்டாவது பாட்டிலேயே தொண்டை திணறும். 5 கட்டை என்பது உங்கள் ஸட்ஜம் ஜி என்பதைச் சொல்கிறது. அந்த ஸட்ஜத்தை வைத்துக் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை பாடுகிறீர்கள். ஜாஸ் பாட்டில் அப்படி ஒரு நிரந்தர ஸட்ஜம் கிடையாது, பாட்டுக்குப் பாட்டு கீ (பாட்டின் ஆதார ஸ்வரம்) மாறும். பார்க்க வேண்டியது மெட்டு எவ்வளவு கீழே இறங்கி எவ்வளவு மேலே ஏறுகிறது என்பதைத்தான்.

ஒரு மெட்டு கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் காந்தாரம் வரை என்றால் உங்களுக்கு ஜி சரியான கீ. இன்னொரு மெட்டு நடு ஸட்ஜத்தில் தொடங்கி மேல் பஞ்சமத்தில் உச்சம் தொடுகிறது என்றால், ஜியில் அந்த உச்சம் உங்கள் எல்லையிலேயே போய் நிற்கும். பாட முடியும், ஆனால் கச்சேரி மேடைக் குரலில்தான் முடியும். பக்கத்து மேஜையில் சாப்பிடுபவர் காதருகே ஜாஸ் மெல்லப் பேச வேண்டும். அதை டி அல்லது ஈ ஃபிளாட்டுக்கு இறக்கினால், அதாவது 2 அல்லது 2½ கட்டைக்கு, உச்சம் ஏ அல்லது பி ஃபிளாட்டில் சுகமாக நிற்கும். பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே கீயை எழுதி இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ் நண்பருக்கு: பாடகிகளுக்காக இறக்கிய கீகளில் ஃபிளாட்கள் அதிகம் வரும். ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட்டில் திறந்த தந்திகள் அவ்வளவாக உதவாது. கார்ட் வாத்தியமே இல்லாததால் உங்கள் ஸ்வரம் தவறினால் பாடகியின் ஸ்ருதியும் கூடவே நழுவும். அந்தக் கீகளில் மெதுவாக, ட்யூனரைப் பார்த்துக்கொண்டு ஸ்கேல் வாசித்துப் பழகுங்கள்.

பாட்டுக்கு முன் மூன்று விஷயம் பேசி முடிக்க வேண்டும். எடுப்பு: பாட்டின் கடைசி நாலு பாரைப் பேஸ் தனியாக வாசித்து, பாடகியின் முதல் ஸ்வரம் காதில் தெளிவாக விழும்படி கொண்டுவந்து விட வேண்டும். சோலோவுக்குப் பின் பாடகி திரும்புவது தொடக்கத்திலா, நடுப்பகுதியிலா. முடிவு: கடைசி வரியை மூன்று தடவை பாடி முடிப்பது எல்லோருக்கும் தெரிந்த, பத்திரமான வழி. மேடையில் திடீரென்று கீ மாற்ற வேண்டுமென்றால் விரல் ஜாடை இருக்கிறது. விரல்களைக் கீழே காட்டினால் அத்தனை ஃபிளாட், மேலே காட்டினால் அத்தனை ஷார்ப். மூன்று விரல் கீழே என்றால் ஈ ஃபிளாட்.

கேள்வி: மிருதங்கம் கற்றவன், இப்போது பேஸ் பழகுகிறேன். 32 பாரில் எங்கே இருக்கிறேன் என்று பாதியில் மறந்துபோகிறது. தாளம் போட்டுக்கொண்டு வாசிக்கலாமா?
– ஸ்ரீராமபுரம் வாசகர்

பதில்: தாராளமாக. நாலடி பார் இரண்டு சேர்ந்தால் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம். 32 பார் பாட்டு 16 ஆவர்த்தனம். ஏ ஏ பி ஏ அமைப்பில் (ஒரே மெட்டு இரண்டு முறை, வேறு மெட்டு ஒரு முறை, மறுபடி முதல் மெட்டு) ஒவ்வொரு பகுதியும் 4 ஆவர்த்தனம். 12 பார் ப்ளூஸ் 6 ஆவர்த்தனம். காலால் தட்டுங்கள், ஆனால் இரண்டிலும் நாலிலும் தட்டுங்கள். சமத்தில் (ஆவர்த்தனத்தின் முதல் அடி) அழுத்தும் பழக்கம்தான் மிருதங்கக்காரர்களிடம் ஸ்விங் (ஜாஸின் ஊஞ்சலாடும் நடை) வராமல் போகக் காரணம். ஸ்விங்கின் அரை அடிகளைத் திஸ்ரத்தில் (அடியை மூன்றாக) பிரித்து, 'தகிட'வில் நடு எழுத்தை விழுங்கி 'த–ட' என்று சொல்லிப் பாருங்கள். மிதமான வேகத்தில் அதுதான் கணக்கு. வேகம் 200ஐத் தாண்டினால் இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடும், அங்கே திஸ்ரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் நொண்டும்.

தீர்மானம் (ஒரே சொல்லை மூன்று முறை வாசித்துச் சமத்தில் முடிப்பது) வைக்கும் ஆசையும் வரும். நாலு பார் மாற்றி மாற்றி வாசிக்கும்போது வையுங்கள்: 16 எண்ணிக்கையில் ஒன்றை விட்டு, 5 எண்ணிக்கைச் சொல்லை மூன்று முறை. அடுத்தவர் சரியாகச் சமத்தில் உள்ளே வருவார். அவர் சோலோவின் நடுவில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

மறக்கும் பிரச்சினைக்குத் தாளத்தைவிட நல்ல மருந்து, மெட்டை மனத்துக்குள் பாடிக்கொண்டே வாசிப்பது.

கேள்வி: ஒயிட்ஃபீல்டிலிருந்து சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு டபுள் பேஸை எப்படிக் கொண்டுபோவது? மெட்ரோ இருக்கிறதே?
– ஒயிட்ஃபீல்ட் வாசகர்

பதில்: பர்ப்பிள் லைன் வாசலில் உள்ள ஸ்கேனருக்குள் டபுள் பேஸ் நுழையாது. உறையோடு ஆறடி உயரம் அது. லக்கேஜ் ஆட்டோவில் மலிவாகப் போகலாம், குலுங்கலில் பேஸ் வாழாது.

செடானைவிடப் பின்கதவு திறக்கும் உயரமான ஹேட்ச்பேக் நல்லது. வேகன் ஆர் போன்ற வண்டியில் பின்சீட்டை மடித்து, தலைப்பகுதியை முன்சீட்டுகளுக்கு நடுவே விட்டுப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பிரிட்ஜ் எதன் மீதும் சாயக் கூடாது. அடியில் ஊன்றும் எண்ட்பின் கம்பியை உள்ளே தள்ளி இறுக்கிவிடுங்கள். செடான்தான் கிடைத்தது என்றால் முன்னால் பயணி சீட்டை முழுக்கச் சாய்த்து, பின்கதவு வழியாகத் தலையை டாஷ்போர்டு பக்கம் விட வேண்டும். வண்டி புக் ஆனதும் 'பெரிய வாத்தியம் இருக்கிறது' என்று டிரைவருக்குச் சொல்லிவிடுங்கள். வந்து பார்த்துவிட்டு கேன்சல் செய்தால் மாரத்தஹள்ளி நெரிசல் நேரத்தில் அடுத்த வண்டி கிடைக்காது. ஆம்ப் முடிந்தால் இடத்துக்காரருடையதாக இருக்கட்டும்.

கேள்வி: பிப்ரவரி, மார்ச்சில் தந்தி 'கிர்' என்று உரசுகிறது. மழைக்காலத்தில் விரல் வலிக்குமளவு உயர்ந்துவிடுகிறது. பேஸ் கெட்டுவிட்டதா?
– ஜெயநகர் வாசகர்

பதில்: கெடவில்லை, மூச்சு விடுகிறது. காற்று உலர்ந்தால் முன்பலகை சற்றுத் தாழ்ந்து தந்தியும் இறங்கும். ஈரமானால் பலகை உப்பித் தந்தி ஏறும். பிரிட்ஜ் கால்களில் திருகு சக்கரம் வைத்திருந்தால் வருடத்துக்கு இரண்டு முறை திருப்பிச் சரிசெய்யலாம், தந்தியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, இரு பக்கமும் சமமாக. விரற்பலகையின் முனையில் அளந்தால் ஜி தந்தி 5–6 மில்லிமீட்டர், ஈ தந்தி 8–9 மில்லிமீட்டர் ஜாஸுக்கு வசதி. அறையில் ஒரு ஈரப்பத மானி மாட்டி 45–55 சதவீதத்துக்குள் வைக்கப் பாருங்கள்.

திருகியும் உரசல் போகவில்லையென்றால் விளிம்பு நெடுக விரல் மடக்கித் தட்டுங்கள். எங்காவது சலசலத்தால் ஒட்டு விட்டிருக்கிறது. விலங்குப் பசையில் ஒட்டுவதே பலகை பிளப்பதற்குப் பதில் ஒட்டு விடட்டும் என்றுதான்; கைதேர்ந்தவர் சீக்கிரம் ஒட்டிவிடுவார். கடைப் பசையை ஊற்றிவிடாதீர்கள். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் உள்ளே அழுத்தத்தில் மட்டும் நிற்கும் சவுண்ட் போஸ்ட் சாய்ந்துவிடும். சாய்ந்துவிட்டால் எல்லாத் தந்தியையும் தளர்த்திப் படுக்க வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அது இல்லாமல் இழுத்துக் கட்டினால் பலகை உள்வாங்கும்.

கேள்வி: எவ்வளவு கேட்பது? எப்படிக் கேட்பது?
– பல வாசகர்கள்

பதில்: தொகையைவிட முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். 45 நிமிடம் வீதம் மூன்று செட், நடுவில் இரண்டு 15 நிமிட இடைவேளை: 2 மணி 45 நிமிடம். அதற்கு முன் ஒரு மணி நேரம் சவுண்ட் செக், பிறகு அரை மணி மூட்டை கட்ட, போகவர மூன்று மணி. மொத்தம் ஏழே கால் மணி நேரம். 'மூன்று மணி நேரம்தானே வாசிக்கிறீர்கள்' என்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம். பாட்டு எண்ணிக்கையும் இதே கணக்கில் வரும். 120 வேகத்தில் மெட்டு, இரண்டு சுற்று கிட்டார், ஒரு சுற்று பேஸ், மறுபடி மெட்டு என்றால் ஐந்து நிமிடம் 20 விநாடி. செட்டுக்கு எட்டு, இரவுக்கு 24 பாட்டு தயாராக வேண்டும். பத்துப் பாட்டுடன் கிளம்புகிறவர்கள் இரண்டாவது செட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இருவருக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்லுங்கள். அதிலிருந்து முதலில் பேஸ் வண்டிச் செலவைக் கழித்துவிட்டு மீதியைச் சரிபாதி பிரிப்பதுதான் நியாயம். பேஸ்காரர் விருப்பப்பட்டா பெரிய வண்டியில் போகிறார்? தேதி, உள்ளே வரும் நேரம், செட் எண்ணிக்கை, முடியும் நேரம், தொகை, ஆம்ப் யாருடையது, சாப்பாடு, ரத்தானால் என்ன என்பதை ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி 'சரி' வாங்கிக்கொள்ளுங்கள். பாதித் தொகை முன்பணம், 48 மணி நேரத்துக்குள் ரத்தானால் அது திரும்பாது.

ஒரே இடம் வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த எல்லை 30,000ஆக இருந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பிடித்த பணம் வருமான வரித் துறையின் உங்கள் வரி விவரப் பட்டியலில் (26ஏஎஸ்) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ரிட்டர்ன் போட்டால் அதிகப்படி திரும்பும். சேவைக்கான ஜிஎஸ்டி பதிவு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். நாட்டுப்புற, சாஸ்திரியக் கலைகளுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஜாஸை அதில் சேர்த்துக்கொண்டு பில் போட வேண்டாம்.

முன்பின் தெரியாத இடமென்றால் இசை நிகழ்ச்சிக்குப் போலீஸ் உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த உரிமத்தைக் கட்டாயமாக்கும், பெங்களூருக்கான 2005 ஆணையை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வருடம் பல மதுக்கூடங்களில் நேரடி இசை நின்றுபோனது. உரிமம் எடுக்க வேண்டியது இடத்துக்காரர், ஆனால் வேலை போவது வாசிப்பவருக்கு.

கேள்வி: எலக்ட்ரிக் பேஸ் கிட்டாரில் இதையெல்லாம் செய்யக் கூடாதா?
– கோரமங்களா வாசகி

பதில்: செய்யலாம். ஃப்ளாட்வவுண்ட் (மேல்பக்கம் வழவழப்பான) தந்தி, டோன் குமிழ் பாதிக்குக் கீழே, வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ் மீது லேசாக. டபுள் பேஸில் ஸ்வரத்தோடு வரும் 'டுக்' என்ற தட்டொலிதான் ட்ரம்ஸுக்கு ஈடு. உங்களிடம் அது குறைவு என்பதால் நீளத்தைக் கட்டுப்படுத்தி ஈடுகட்டுங்கள். மெட்ரோவிலும் போகலாம்.

கேள்வி: பேஸ் சோலோ தொடங்கியதும் எல்லோரும் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்!
– இந்திரா நகர் வாசகர்

பதில்: எல்லாப் பாட்டிலும் சோலோ எடுத்தால் பேசத்தான் செய்வார்கள். மூன்று பாட்டுக்கு ஒன்று, ஒரே சுற்று. கிட்டார்காரரைக் கை எடுக்க விடாதீர்கள், இரண்டிலும் நாலிலும் குட்டையாக ஒரு கார்ட் தட்டிக்கொண்டிருக்கட்டும். பியானோவும் பேஸும் மட்டும் எவ்வளவு பேச முடியும் என்பதற்கு டியூக் எலிங்டனும் ஜிம்மி பிளாண்டனும் 1940ல் பதிந்தவற்றைக் கேளுங்கள். கிட்டாருக்கு ஜிம் ஹால், ரான் கார்ட்டர் ஜோடியின் 1972 நேரடிப் பதிவு. குரலுக்கு ஷீலா ஜோர்டன் பேஸ் மட்டும் வைத்துக்கொண்டு பாடியவை.

கேள்வி: வலது ஆள்காட்டி விரலில் கொப்புளம். கச்சேரி நாளைக்கு.
– வாசகர், சிவாஜி நகர்

பதில்: கொப்புளத்தை உடைக்காதீர்கள். நாளைக்கு நடுவிரலில் சமாளியுங்கள், டூ ஃபீல் பாட்டுகளை அதிகம் வையுங்கள். பிறகு காரணத்தைப் பாருங்கள்: தன் ஒலி தனக்குக் கேட்காதவர்தான் தந்தியை முரட்டுத்தனமாக இழுப்பார். ஆம்பைக் காதுயரத்துக்கு ஏற்றி ஒலியைக் கொஞ்சம் கூட்டி, விரல் நுனியால் கொக்கி போடாமல் விரலின் பக்கவாட்டுச் சதையால், கையின் கனத்தைக் கொண்டு இழுங்கள். சுண்டுவிரல் மரத்துப்போனால் அது கொப்புள விஷயமல்ல, டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் சினிமாப் பாட்டு கேட்டால்?
– அதே உணவக நிர்வாகி, ஃப்ரேசர் டவுன்

பதில்: வாசிக்கச் சொல்லுங்கள். தமிழில் மூன்று, இந்தியில் மூன்று, கன்னடத்தில் இரண்டு, கார்டுகள் எழுதிப் பையில் வைத்திருக்கும் ஜோடிக்கு அடுத்த மாதத் தேதியும் கிடைக்கும். பழைய மெல்லிசைப் பாட்டுகள் பல போஸா நோவா என்ற பிரேசில் நடையில் அழகாக உட்காரும். அதில் பேஸ்காரருக்கு ஒன்றாம், மூன்றாம் அடியும் அவற்றுக்கு முன் ஒரு அரை அடி எடுப்பும் போதும்.